பேட்டரி டெர்மினலில் பூக்கும் பொடி: இரும்பைத் தின்னும் ஆசிட், ஈயத்தை ஏன் விட்டுவைக்கிறது?

விடிகாலை மூன்று மணி. கொடைரோடு பக்கத்தில் இருந்து நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குக் கிளம்ப வேண்டிய லோடு வண்டி, 'டக்'னு ஒரு சத்தம் போட்டுட்டு அப்படியே நின்றுவிடுகிறது. ஹெட்லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது. இன்ஜின் மட்டும் சுற்றவில்லை. மெக்கானிக் வந்தால் முதலில் பேட்டரியைத்தான் பார்ப்பார். "டெர்மினல் பூத்துப் போச்சுண்ணே" என்பார்.

அது என்ன பூ?

பேட்டரிக்குள் என்ன இருக்கிறது?

பிரான்ஸைச் சேர்ந்த காஸ்டன் பிளான்டே 1859-ல் உருவாக்கிய ஈய - அமில பேட்டரியின் வாரிசுதான் இன்றைக்கும் நம் வண்டிகளில் இருக்கிறது. உள்ளே ஈயத் தகடுகளும் தண்ணீர் கலந்த கந்தக அமிலமும் இருக்கும். முழு சார்ஜில் எடை அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாக அமிலம், மீதி தண்ணீர்.

ஈயம் மட்டும் எப்படித் தப்பிக்கிறது?

இரும்பின் மேல் இந்த அமிலம் பட்டால் ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்பும். இரும்பு, இரும்பு சல்பேட்டாக மாறித் தண்ணீரில் கரைந்துவிடும். கரையக் கரைய அடுத்த அடுக்கு வெளியே தெரியும். அதையும் அமிலம் தின்னும். பேட்டரி வைக்கும் தட்டு ஓட்டையாவது இப்படித்தான்.

ஈயத்திலும் சல்பேட் உண்டாகிறது. ஆனால் ஈய சல்பேட் அவ்வளவு சுலபத்தில் கரையாது. மேலேயே படிந்து ஒரு தோல் போல மூடிக்கொள்ளும். அதனால்தான் ஈயம் தாக்குப்பிடிக்கிறது.

டெர்மினலில் பூக்கும் வெள்ளைப் பொடி பெரும்பாலும் இந்த ஈய சல்பேட்தான். நீலமோ பச்சையோ கலந்திருந்தால், செம்பு ஒயரும் பித்தளை கிளாம்ப்பும் அரிக்கப்படுகின்றன என்று அர்த்தம்.

கொஞ்சம் பொடிக்கா வண்டி நிற்கும்?

நிற்கும். அந்தப் பொடி மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொடியால் வெறும் 0.02 ஓம் தடை வந்தாலே 2 வோல்ட் அங்கேயே காலி. ஹெட்லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும் என்பதால் அது எரியும், மோட்டார் சுற்றாது. புது பேட்டரிக்குக் காசு கொடுக்கும் முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆசிட் ஊத்துனா பவர் ஏறுமா?

ஏறாது, தகடுதான் கெடும். பேட்டரியில் குறைவது தண்ணீர், அமிலம் ஆவியாவதில்லை. அதனால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீரும் கேன் தண்ணீரும் வேண்டாம்; அவற்றில் உள்ள உப்புகள் தகட்டைப் பாழாக்கும்.

சட்டையில் தெறித்த ஆசிட் துளி 'காஞ்சு போச்சு' என்று விடுவதும் இதே தப்புதான். தண்ணீர் மட்டும் காய்ந்துபோக, மிஞ்சும் அமிலம் இன்னும் வீரியமாகி, இரண்டு நாளில் துணியில் ஓட்டை போட்டிருக்கும்.

சுத்தம் செய்வது எப்படி?

- இன்ஜினை அணைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது. சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் இருந்தாலே தீப்பிடிக்கும்.
- முதலில் மைனஸ், அடுத்து பிளஸ் கழற்றுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில்.
- ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நுரைத்தால் அமிலம் செயலிழக்கிறது என்று பொருள். மூடித் துளைகளுக்குள் மட்டும் சோடா போகக் கூடாது.
- நுரை நின்றதும் கழுவி, நன்றாகத் துடைத்து, கிளாம்ப்பை இறுக்கிய பின் மேலே வாஸ்லின் தடவுங்கள்.

பொடியை வாயால் ஊதாதீர்கள், ஈயம் நஞ்சு. ஆசிட் கண்ணில் பட்டால் சோடாவைத் தேடாமல், சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காரைக்குடியில் ஓர் ஆய்வகம்

உலோகம் எலக்ட்ரானை இழப்பதால்தான் பேட்டரியில் மின்சாரம் வருகிறது. இரும்பு துருப்பிடிப்பதும் அதே காரணத்தால்தான். ஒன்று வண்டியை ஓட்டுகிறது, இன்னொன்று செலவு வைக்கிறது. காரைக்குடியில் 1953-ல் தொடங்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், பேட்டரி, அரிப்பு இரண்டையும் ஒரே கூரையின் கீழ் ஆராய்வதும் அதனால்தான்.

நம் பங்குக்கு, மாதம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்த்தால் போதும். பூ, மூட்டையில் இருக்கட்டும், டெர்மினலில் வேண்டாம்.