துவண்ட எலிவால் சொன்ன சேதி தெரியுமா?

உலகெங்கும் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வாட்டும் நரம்பு நோய் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். மின்கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல் நம் நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. காவல் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் புகுந்து அந்த உறையை உரித்துவிடும். பார்வை மங்கும், நடை தள்ளாடும், உடம்பு ஓய்ந்துபோகும். இதற்கு மருந்து தேடிய கதையில் குரங்கு, முயல், எலி, கினிப்பன்றி, சிள்வண்டுகூட உண்டு!

நாய்க்கடி ஊசியில் தொடங்கிய கதை தெரியுமா?
தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெறிநோய்க் கிருமியை ஆட்டு மூளையில் வளர்த்துத் தயாரித்த மருந்து அது. நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் பல ஆண்டுகள் தயாரானது. போட்டுக்கொண்டவர்களில் வெகு சிலருக்குக் கை கால் விழுந்துவிடும். மருந்தோடு கலந்திருந்த மூளைத் திசுவை எதிர்க்கப் போன உடம்பு, தன் நரம்பு உறையையே தாக்கியதுதான் காரணம்! 2004-ன் கடைசியில் இந்தியா இந்த வகை ஊசியைக் கைவிட்டது.

கிருமியே இல்லாமல் நோயை வரவழைத்தார்கள் தெரியுமா?
1933, நியூயார்க், ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையம். மூளைத் திசுதான் குற்றவாளியா என்று பார்க்க, நோயற்ற முயலின் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசியாகப் போட்டார் தாமஸ் ரிவர்ஸ். சில குரங்குகளுக்குக் கை கால் தளர்ந்தது. மூளையைப் பார்த்தால், மயலின் உரிந்து கிடந்தது! ஈ.ஏ.இ. என்று ஆய்வாளர்கள் இன்றும் அழைக்கும் சோதனை நோய் இப்படித்தான் பிறந்தது.

எலியின் வாலுக்கு மதிப்பெண் போடுவார்கள் தெரியுமா?
நல்ல எலியின் வாலைத் தூக்கினால் வால் விறைத்து நிற்கும், விரலைச் சுற்றப் பார்க்கும். ஈ.ஏ.இ. வரவழைக்கும் ஊசி போட்டு 10, 12 நாள் கழித்து அதே வால் ஈரத்துணியாய்த் தொங்கினால் நோய் தொடங்கிவிட்டது, மதிப்பெண் 1. பின்னங்கால்கள் அடியோடு இழுபட்டால் 3. உயிர் போனால் 5. மருந்து கொடுத்த எலிக்கும் கொடுக்காத எலிக்கும் தினமும் இந்தக் கணக்கு எழுதப்படுகிறது. ஒரு மருந்தின் தலைவிதி இந்த நோட்டில்தான் முதலில் தெரியும்!

நோய் உண்டாக்கச் செய்த பொருள் மருந்தானது தெரியுமா?
இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மைக்கேல் செலா, ரூத் அர்னான், துவோரா டைட்டல்பாம் மூவரும் நான்கு அமினோ அமிலங்களைக் கோத்து, மயலின் புரதம் ஒன்றைப் போலவே ஒரு பொருள் செய்தார்கள். கினிப்பன்றிக்கு நோய் வரும் என்று பார்த்தால், வரவழைத்த நோயையே அது அடக்கியது! 1971-ல் வெளியான அந்த முடிவு, 1996-ல் அமெரிக்க அனுமதி பெற்ற கிளாட்டிராமர் ஊசியாக நோயாளிகளின் கைக்கு வந்தது. இடையில் 25 ஆண்டுகள்!

சிள்வண்டைத் தின்னும் பூஞ்சையிலிருந்து மாத்திரை வந்தது தெரியுமா?
சிள்வண்டின் உடம்பில் வளரும் ஒரு பூஞ்சையின் வேதிப்பொருளை ஜப்பானிய விஞ்ஞானி டெட்சுரோ ஃபுஜிடாவின் குழு ஆராய்ந்தது. அதை மாற்றியமைத்துக் கிடைத்தது ஃபிங்கோலிமோட். நரம்பு உறையைத் தாக்கும் அணுக்களை நிணநீர் முடிச்சுகளை விட்டு வெளியேறவிடாமல் அது தடுக்கிறது. 2010-ல் அமெரிக்கா அனுமதித்தபோது, எம்.எஸ். நோயின் போக்கை மாற்ற அங்கே வந்த முதல் விழுங்கும் மருந்து இதுதான்!

எலி ஒன்று சொல்ல, மனித உடம்பு வேறு சொன்னது தெரியுமா?
காமா இன்டர்ஃபெரான் என்ற புரதம் எலிகளின் ஈ.ஏ.இ. நோயைத் தணித்தது. மனிதர்களுக்கோ நேர்மாறு. 1987-ல் வெளியான சோதனையில் அதைப் பெற்ற 18 நோயாளிகளில் 7 பேருக்கு நோய் மறுபடி கிளம்பியது. எலிகளில் 1992-ல் வெற்றி கண்ட வழியில் உருவான நட்டாலிசுமாப் என்ற மருந்து 2004-ல் விற்பனைக்கு வந்து, சிலருக்கு ஆபத்தான மூளைத் தொற்று வந்ததால் சில மாதங்களிலேயே நிறுத்தப்பட்டது. 2006-ல் கடுமையான கண்காணிப்போடு திரும்பி வந்தது.

உரிந்த உறை மறுபடி வளரும் தெரியுமா?
தீனியில் குப்ரிசோன் என்ற வேதிப்பொருளைக் கலந்து ஐந்தாறு வாரம் கொடுத்தால் எலி மூளையில் மயலின் உதிரும். நிறுத்தினால் தானே வளரத் தொடங்கும்! வயதானால் அந்த வேகம் குறையும். கிழட்டு எலியையும் இளம் எலியையும் ரத்த ஓட்டம் கலக்கும்படி இணைத்தபோது, கிழ எலியின் நரம்பு உறை இளமை வேகத்தில் வளர்ந்தது என்று 2012-ல் அறிவித்தார்கள். கிளெமாஸ்டின் என்ற பழைய ஒவ்வாமை மாத்திரை உறையை வளர்க்குமா என்று 50 நோயாளிகளிடம் சோதித்தபோது, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் சமிக்ஞையின் தாமதம் கொஞ்சம் குறைந்தது. அது 2017-ல் வெளியானது. சிறிய முன்னேற்றம்தான், ஆனால் உறையைத் திரும்ப வளர்க்கலாம் என்ற நம்பிக்கை மனிதரிடமும் துளிர்த்தது!

ஆகவே, "எலிக்குக் குணமாகிவிட்டது" என்ற செய்தி கண்ணில் பட்டால் மகிழுங்கள். கூடவே, மனிதரிடம் சோதித்தார்களா, எத்தனை பேரிடம் என்று தேடிப் பாருங்கள். வீட்டில் எம்.எஸ். நோயாளி இருந்தால், அந்தச் செய்தியை நம்பி நடக்கும் சிகிச்சையை நிறுத்தாமல் நரம்பியல் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். எலி வழி காட்டும். மருந்து பலிக்குமா என்பதை மனிதரிடம் நடக்கும் சோதனைதான் முடிவு செய்யும்.