உங்களுக்குத் தெரியுமா? மலிந்தியும் காட்டுக்குள் ஒரு நகரமும்

கென்யாவின் இந்தியப் பெருங்கடற்கரையில் இருக்கிறது மலிந்தி. 1498இல் வாஸ்கோ ட காமா இங்கேதான் வழிகாட்டி மாலுமியை ஏற்றிக்கொண்டு கோழிக்கோட்டுக்குப் பாய் விரித்தார். பருவக்காற்று கைகொடுக்க, ஒரு மாதத்துக்குள் கடலைக் கடந்தார். அவர் பெயர் சொல்லும் தூண் கடல்முனையில் இன்றும் நிற்கிறது. 1542இல் மலிந்தியில் இறங்கிய கத்தோலிக்க மறைபோதகர் பிரான்சிஸ் சேவியரோ, அந்த ஆண்டு முடிவதற்குள் நம் முத்துக்குளித்துறைக்கே வந்துவிட்டார்!

தூணைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். தெற்கே சுமார் 16 கி.மீ.யில், அடர்ந்த காட்டுக்குள் கெடி என்ற பழைய சுவாஹிலி நகரம் சிதைந்து கிடக்கிறது. பவளக்கல்லில் கட்டிய அரண்மனை, பள்ளிவாசல்கள், ஆழக்கிணறுகள், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை! 17ஆம் நூற்றாண்டில் மக்கள் இதைக் கைவிட்டார்கள். நீர்மட்டம் இறங்கியதா, படையெடுப்பா என்ற விவாதம் ஓயவில்லை. 1948இல் தொடங்கிய அகழாய்வில் சீனப் பீங்கான்கள்கூடக் கிடைத்தன. கிடைத்த பொருளையே வீட்டுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்: கத்தரிக்கோல் வீடு, இரும்பு விளக்கு வீடு. இவ்வளவு பக்கத்தில், மலிந்தியில் பல பத்தாண்டுகள் இருந்த போர்த்துக்கீசியரின் ஏடுகளில் கெடியைப் பற்றித் தெளிவான குறிப்பே இல்லை என்பதுதான் பெரிய வியப்பு. 2024இல் யுனெஸ்கோ கெடியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இடிபாடுகளில் குரங்குகள் ஏராளம். தின்பண்டம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.