சிறுநீர் அடங்காமையும் தசைப் பயிற்சியும்

தில்லியிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ ஊருக்குப் புறப்படும் நம் வீட்டு மூதாட்டியர் சிலர், ரயிலேறுவதற்கு முந்தின நாளே தண்ணீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். காரணம் கேட்டால் மழுப்புவார்கள். இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது என்று வீட்டாரிடமே சொல்ல நாணுகிறவர்கள், வேற்றுமொழி பேசும் மருத்துவரிடம், அதுவும் பேரனை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு, எவ்வாறு சொல்வார்கள்?

தண்ணீரை மிகக் குறைப்பதனால் துன்பம் கூடுமேயன்றிக் குறையாது. சிறுநீர் செறிவுற்றுச் சிறுநீர்ப்பையை உறுத்தும்; மலச்சிக்கலும் உடன்சேரும். குறைக்க வேண்டியவை காப்பியும் தேநீருமே. நம்மவர்க்கு இது கடுந்தண்டனைதான்!

இடுப்புக் கூட்டின் அடியில், சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தூளிபோல் தாங்கி நிற்கும் தசைகள் உண்டு. மகப்பேற்றினாலும் முதுமையாலும் உடற்பருமனாலும் இவை தளர்கின்றன. புராஸ்டேட் சுரப்பியில் அறுவை செய்துகொண்ட ஆடவர்க்கும் கசிவு நேர்வதுண்டு. இத்தசைகளைப் பயிற்சியினாலேயே வலுப்படுத்தலாம் என்று அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் எழுதினார். இன்றளவும் மருத்துவர்கள் முதற்கண் கூறும் சிகிச்சை அதுவே.

வாயு பிரிவதை அடக்குவோமல்லவா, அதே தசைகளை உள்ளிழுத்து மேல்நோக்கிச் சுருக்க வேண்டும். ஐந்தாறு விநாடி நிறுத்தி, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். வயிற்றையும் தொடையையும் இறுக்கலாகாது, மூச்சை அடக்கலாகாது. வேளைக்கு எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம் விடாது செய்தல் வேண்டும். பத்து நாளில் பயன் காணோமென்று கைவிடுவோர்க்காகவே இதை அழுத்திச் சொல்கிறோம். இருமல் வருமுன் இத்தசைகளை இறுக்கிக்கொள்ளவும் பழகலாம். ஆனால் சிறுநீர் கழிக்கும்போதே இடையிடையே நிறுத்திப் பழகுவது தவறு.

உந்துதல் வந்த கணமே ஓட வேண்டியிருப்பவர்க்கு முறை வேறு. மணிக்கொரு தரம் செல்பவர், முதல் வாரம் கால்மணி நேரம் தாமதிக்கட்டும்; மறுவாரம் இன்னொரு கால்மணி. இப்படியே இடைவெளி மூன்று மணி நேரமாக வளரலாம். குறைந்தது ஆறு வாரம் பொறுமை வேண்டும்.

எரிச்சலோ, காய்ச்சலோ, சிறுநீரில் இரத்தமோ கண்டால் பயிற்சியை நம்பியிராமல் உடனே மருத்துவரை நாட வேண்டும். மொழிபெயர்க்கப் பேரனை விடுத்து, அண்டை வீட்டுத் தமிழ்ப் பெண்மணி ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.