கதைகளிற் பலிச்சடங்கு

கொடுங்கோற் சமுதாயத்தைச் சித்திரிக்கும் மேனாட்டுக் கதைகளிற் பலிச்சடங்கு பெரும்பாலும் ஆள்வோரின் கருவியாகவே வருகின்றது. சுசான் கொலின்ஸ் 2008இல் வெளியிட்ட 'பசி விளையாட்டுகள்' என்னும் நாவலில், முன்னைய கிளர்ச்சிக்குத் தண்டனையாக, 12 மாவட்டங்களினின்றும் 24 சிறுவர் சிறுமியர் ஒருவரையொருவர் கொல்லுமாறு ஆண்டுதோறுங் களத்தில் விடப்படுகின்றனர். அங்கே பகைவர் யாவரென்பது தெளிவு. ஆதலின் எதிர்ப்பும் எழுகின்றது.

இதனினும் அச்சந் தருவது சேர்லி ஜக்சன் 1948இல் எழுதிய 'சீட்டிழுப்பு' என்னுஞ் சிறுகதையே. அதிற் கட்டளையிடும் அரசன் எவனுமில்லை. ஆகவே எதிர்த்தற்கும் எவருமில்லை. ஏறத்தாழ 300 பேர் வாழும் சிற்றூரிற் கரும்புள்ளிச் சீட்டைப் பெற்றவளை அயலாரே கல்லெறிந்து கொல்கின்றனர். பழைய பெட்டி தொலைந்தது. சடங்கின் முறைகள் மறந்தன. கல்லை மட்டும் எவரும் மறந்திலர். பலியாகும் தெசியும் தன் குடும்பத்துக்குச் சீட்டு விழும்வரை முறையிட்டிலள். அவளுடைய இளைய மகன் கையிலும் யாரோ சில கூழாங்கற்களைக் கொடுக்கின்றனர்.