நிலைத்து நிற்கும் நுரை

குறுந்தொகையின் 290ஆம் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயர் மறைந்துபோயிற்று. அவர் ஆண்ட உவமையே அவருக்குப் பெயராயிற்று. கல்பொரு சிறுநுரையார் என்று சான்றோர் அவரை அழைத்தனர். வெள்ளத்தில் மிதந்துவரும் நுரை பாறையில் மோதிச் சிறிது சிறிதாக இல்லாமற் போவதைக் கூர்ந்து கண்டவர் அவர்.

ஆனால், இக்காலத்து நுரை விருந்துகளில் காணும் நுரை அவ்வாறு விரைந்து அழிவதில்லை. இடுப்பளவும் மார்பளவும் உயர்ந்து நெடுநேரம் நிற்கிறது. ஸ்பெயின் நாட்டு இபிசாத் தீவின் இரவு விடுதிகளில் 1990களில் பெயர்பெற்ற இக்கேளிக்கை, இன்று பிறந்தநாள் விழாவுக்கும் விடுமுறை முகாமுக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் விரும்புகின்றனர், பெற்றோர் கேட்கின்றனர், இசைவு தரவேண்டிய ஆசிரியரோ தயங்குகின்றார். தடுப்பதா, நடத்துவதா என்று முடிவு செய்யுமுன், அந்த நுரை ஏன் நிற்கிறது என்பதை நாம் அறிதல் வேண்டும்.

நுரை நிற்பது எங்ஙனம்?

தூய நீரைப் புட்டியில் இட்டுக் குலுக்கினால் குமிழிகள் தோன்றும். கையை நிறுத்தியதும் மறையும். நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்து, மேற்பரப்பைச் சுருக்க முயல்வதே காரணம். இதனைப் பரப்பு இழுவிசை என்பர். அதே நீரில் சிறிது சவர்க்காரம் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. சவர்க்கார மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை நீரை விலக்கிக் காற்றை நோக்கி நிற்கும். இம்மூலக்கூறுகள் குமிழித் தோலின் இருபுறமும் அணிவகுத்து நின்று, இழுவிசையை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றன. தோல் எங்கேனும் மெலிந்தால் அவ்விடத்துக்கு நீரை ஈர்த்து அதனைக் காக்கின்றன.

நுரைப்பொறியில் நடைபெறுவதும் இதுவே. கரைசலால் நனைந்த வலையின் ஊடே விசிறி காற்றை ஊதுகிறது. கரைசலின் அளவைப்போல் 200 மடங்குக்கு மேல் விரியும் நுரையைத் தீயணைப்புத் துறையினர் உயர்விரிவு நுரை என்பர். 200 மடங்கு என்றே கொண்டாலும், 10 லிட்டர் கரைசல் 2,000 லிட்டர் நுரையாகிவிடும்.

எனவே, நிலைத்து நிற்கும் நுரை, நீரில் வேறொரு பொருள் கலந்திருக்கிறது என்பதற்குச் சான்று. அப்பொருள் யாது என்று வினவுவதே பாதுகாப்பின் முதற்படி.

வினவாமல் ஆடினால்...

இவ்வினாவை எழுப்பாமலே குழந்தைகள் நுரையில் ஆடிய நிகழ்ச்சி சென்னையில் நடந்தது. 2019 நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் மெரினா, பட்டினப்பாக்கம் கடற்கரைகளில் வெண்ணுரை பல நாள் படர்ந்து கிடந்தது. சிறுவர் அதனுள் ஓடியாடினர்; பெரியவர்கள் படம் எடுத்து மகிழ்ந்தனர். உண்மையில் அது, பெருமழையால் ஆற்றின்வழி கடலை அடைந்த கழிவுநீரும் அதில் கரைந்திருந்த சலவைப் பொருள்களும் அலையில் அடிபட்டு எழுந்த நுரை. அது உடல்நலத்துக்கு ஏற்றதன்று என்று கடலாய்வாளர் எச்சரித்தனர். கடல்நுரை யாவும் கழிவுநுரை அல்ல. மடிந்த பாசியாலும் நுரை எழும். ஆயினும் எது நல்லது, எது தீயது என்று கண்ணால் பார்த்துப் பிரித்தறிய இயலாது.

நீர் தூயதாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2012இல் நடந்த ஒரு நுரை விருந்துக்குப் பின் பலர் கண்வலியோடு மருத்துவமனைக்கு ஓடினர். சிலருக்குக் கருவிழியில் சிராய்ப்பே ஏற்பட்டிருந்தது. சோடியம் லாரில் சல்பேட் என்னும் சலவைப்பொருள் அந்நுரைக் கரைசலில் இருந்தது.

நுரை ஆழமாகும்போது மற்றோர் ஆபத்தும் சேர்கிறது. நுரையில் பெரும்பகுதி காற்றுதான். ஆனால், அதனுள் மூழ்கியவர் மூச்சிழுக்கும்போது சவர்க்கார நீரும் உட்செல்லும். கண் தெரியாது, கூப்பிடும் குரலும் மங்கும். அதே புளோரிடாவில் எக்ளின் விமானப்படைத் தளத்துக் கொட்டகையொன்றில் 2014 சனவரியில் தீயணைப்பு நுரை பெருகி நிரம்பியபோது ஒருவர் உயிரிழந்தார். அது விருந்தன்று, எனினும் மெல்லிய நுரையும் உயிரைக் குடிக்கும் என்பதற்கு அது சான்று.

செய்யத்தக்கவை

முதலாவது, கரைசல். இவ்விளையாட்டுக்கென்றே செய்யப்பட்டு, உட்பொருள்கள் அச்சிடப்பெற்ற கரைசலையே, அதில் குறித்த அளவுப்படி குழாய்நீரில் கலக்க வேண்டும். பாத்திரம் கழுவும் நீர்மம் கூடாது. குளத்துநீரும் தேங்கிய மழைநீரும் ஆகா. எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் நம் நாட்டுக்குப் புதிதன்று.

இரண்டாவது, உயரம். கூட்டத்தில் மிகச் சிறிய பிள்ளையின் இடுப்புக்கு மேல் நுரை எழலாகாது. பொறியின் வாயை முகத்தை நோக்கித் திருப்பக் கூடாது. ஆடுவோரின் தொகையை முன்னும் பின்னும் எண்ண வேண்டும். நுரைக்கு வெளியே நின்று பார்ப்பதையே வேலையாகக் கொண்ட பெரியவர்கள் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, தரையும் மின்சாரமும். வழுக்காத புல்தரையே நன்று. கல்லும் பள்ளமும் நுரையின் கீழ்த் தெரியா. ஆகலின் முன்னதாகவே நடந்து பார்த்துவிட வேண்டும். மின்கம்பியும் இணைப்பும் நுரை எட்டாத தொலைவில் இருக்கட்டும். கசிவு நேர்ந்தவுடன் மின்னோட்டத்தைத் தானே துண்டிக்கும் கருவியின்றிப் பொறியை இயக்கவே கூடாது.

நான்காவது, உடல்நலம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளையும் தோலில் புண் உள்ளவர்களையும் விலக்கி வேறு விளையாட்டுத் தருக. கண்ணில் நுரை பட்டால் கசக்க விடாமல், ஓடும் தூயநீரில் 15 நிமிடம் கழுவி, எரிச்சல் நீங்காவிடின் மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

ஐந்தாவது, எஞ்சிய நீர். பிறையில் நாம் வடிகாலில் ஊற்றுவது ஆற்றையும் கடலையும் சேரும். கரைசலை வீணே மிகுதியாகக் கலந்து, எஞ்சியதை அங்கே கொட்டுவோமாயின், சென்னைக் கரையில் கண்டதற்கு நாமும் பங்காளிகளாவோம்.

விளையாட்டுக்கு முன்னாள் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். இரண்டு புட்டிகளில் நீர் எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு துளி சவர்க்காரம் இட்டு, மாணவரையே குலுக்கச் செய்க. எது விரைவில் அடங்குகிறது, எது நிற்கிறது என்று அவர்களே கண்டு சொல்லட்டும். பின்னர், ஏற்பாட்டாளரை அழைத்து மூன்று வினாக்கள் விடுக்க: நீரில் கலப்பது யாது? நுரை எவ்வளவு உயரும்? பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் யார்? மூன்றுக்கும் தெளிவான விடை வந்தால் இசைவு தரலாம். ஒன்றுக்கேனும் விடை வாராவிடின், அன்றைக்குப் பந்தாட்டமே போதும்.