ஓர் உருவப்படத்தின் இரு காலங்கள்: ரிகோ தீட்டிய நெல்சன் ஓவியம்

முன்னுரை

வரலாற்று நூல்களில் உருவப்படங்கள் பெரும்பாலும் அணிசெய்யும் படங்களாகவே இடம்பெறுகின்றன. எழுத்தாவணத்தைப் போலவே உருவப்படத்தையும் ஆராய்ந்த பின்னரே சான்றாகக் கொள்ள வேண்டும் என்பதை, ஜான் பிரான்சிஸ் ரிகோ தீட்டிய ஹொரேஷியோ நெல்சன் ஓவியத்தின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. இவ்வோவியம் இங்கிலாந்தில் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஓவியம் தோன்றிய சூழல்

1777இல் நெல்சன் 18 வயதுடைய லெப்டினன்ட். அவர் பணியாற்றிய போர்க்கப்பலின் தலைவர் வில்லியம் லாக்கருக்காக ரிகோ இவ்வோவியத்தைத் தொடங்கினார். அது முற்றுப்பெறும் முன்னரே நெல்சன் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றார். 1779இல், தம் 20ஆம் வயதில், கேப்டன் பதவி பெற்றார். 1780ஆம் ஆண்டின் இறுதியில் நோயால் நலிந்து நாடு திரும்பினார். அப்படம் இனித் தம்மைச் சற்றும் ஒத்திராது என்று லாக்கருக்கு எழுதிய மடலில் அவரே குறிப்பிட்டார்.

ஓவியர் செய்த மாற்றங்கள்

1781இல் ரிகோ பழைய ஓவியத்தையே திருத்தி நிறைவு செய்தார். லெப்டினன்டின் உடை, கேப்டனுக்குரிய பொன்சரிகைச் சீருடையாயிற்று. முகம் மெலிந்தது. பின்புலத்தில் நிகராகுவாவின் சான் ஹுவான் ஆற்றங்கரையில் அமைந்த ஸ்பானியக் கோட்டை சேர்க்கப்பட்டது. மேற்பூச்சின் அடியில் இளமையான, உருண்ட முகம் ஒன்று இருப்பதை ஊடுகதிர்ப் படம் காட்டுகிறது.

பின்புலம் உணர்த்துவதும் மறைப்பதும்

உருவப்படத்தின் பின்புலத்தில் போர்க்களத்தைக் காட்டுவது, அங்குப் பெற்ற வெற்றியை அவ்வதிகாரிக்கு உரிமையாக்கும் மரபாகும். சான் ஹுவான் படையெடுப்பில் நெல்சன் பங்கேற்றதும், 1780 ஏப்ரலில் கோட்டை ஆங்கிலேயர் வசமானதும் உண்மையே. ஆயினும், நோயுற்றிருந்த நெல்சன், வேறொரு கப்பலின் தலைமைக்கு அழைக்கப்பட்டு, கோட்டை சரணடையும் முன்பே அவ்விடத்தை விட்டு நீங்கினார். அவருடைய ஹின்சின்புரூக் கப்பலின் மாலுமிகளுள் மிகப் பெரும்பாலோர் நோய்க்கு இரையாயினர். கைப்பற்றிய கோட்டையையும் ஆங்கிலேயர் விரைவில் கைவிட்டனர். ஓவியத்தில் கோட்டை இருக்கிறது, இறந்தோர் இல்லை. இப்பேரழிவின் தடயம் நெல்சனின் மெலிந்த முகத்தில் மட்டுமே எஞ்சியுள்ளது.

முடிவுரை

1781 என்பது இவ்வோவியம் நிறைவுற்ற ஆண்டேயன்றி, அதன் முழுமைக்கும் உரிய காலமன்று. உடல் நிற்கும் பாங்கு 1777ஐச் சார்ந்தது; முகமும் சீருடையும் பின்புலமும் 1781க்கு உரியவை. ஏட்டுச்சுவடியில் மூலப்பாடத்தையும் பிற்காலத் திருத்தத்தையும் பிரித்தறியும் பதிப்பாசிரியரின் முறையே உருவப்படத்திற்கும் பொருந்தும். எந்தப் பகுதி எப்போது, யாருக்காக, எதனை நிறுவுவதற்காகத் தீட்டப்பட்டது என வினவிய பின்னரே ஓவியம் வரலாற்றுச் சான்றாகும்.