பழைய லேப்டாப்புக்கு எந்த ரேம்? சந்தேகங்களும் விளக்கங்களும்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியபோது, நம் திருவொற்றியூரும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தத் திட்டத்தில் மாநிலம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் கொடுக்கப்பட்டன. அக்காவோ அண்ணனோ பள்ளியில் வாங்கியது, இன்று பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ படிக்கும் தம்பி தங்கைகளின் கைக்கு வந்திருக்கிறது. பிரவுசரில் நாலு பக்கம் திறந்தாலே திணறுகிறது என்று புகார். ரேமை மாற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு வழக்கமாக வரும் சந்தேகங்கள் இவை.

சென்னை ரிச்சி தெருக் கடைக்குப் போய் "8 ஜி.பி. ரேம் கொடுங்க" என்றால் போதாதா?

போதாது. "டி.டி.ஆர். எத்தனை?" என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்பார். லேப்டாப் ரேமில் டி.டி.ஆர்.3-க்கு 204 முனைகள், டி.டி.ஆர்.4-க்கு 260, டி.டி.ஆர்.5-க்கு 262. நடுவில் உள்ள வெட்டும் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது. அழுத்தி உட்கார வைத்தால் ஸ்லாட் உடையும்.

வாங்கிய ஆண்டை வைத்து ஊகிப்பதும் சரிவராது. இன்டெல் ஆறாம் தலைமுறை பிராசஸர் உள்ள லேப்டாப்புகளில் டி.டி.ஆர்.3 எல் வகையும் உண்டு, டி.டி.ஆர்.4 வகையும் உண்டு. அரசு கொடுத்தவையும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் அல்ல. பக்கத்து வீட்டுப் பையன் போட்டது உங்களுடையதற்கும் பொருந்தும் என்று நம்ப வேண்டாம். பின்மூடியைத் திறந்து, இருக்கும் ரேமின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த ரேமையே கையோடு கொண்டுபோங்கள். திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போய்விடலாம்தான். தவறான ரேமை மாற்ற மறுபடியும் போய்வருவது வீண் அலைச்சல்.

பழையதும் டி.டி.ஆர்.3, புதியதும் டி.டி.ஆர்.3. போட்டதும் திரையே வரவில்லை, ஏன்?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. டி.டி.ஆர்.3-லேயே இரண்டு உண்டு. சாதாரண வகை 1.5 வோல்ட்டில் ஓடும். 'எல்' வகைக்கு 1.35 வோல்ட் போதும். இரண்டுக்கும் வெட்டு ஒரே இடத்தில் என்பதால் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும். ஆனால் 2013 முதல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்புகளுக்கு எல் வகைதான் வேண்டும். சாதாரண வகையைப் போட்டால் பெரும்பாலும் ஆன் ஆகாது.

லேபிளில் பி.சி.3 என்பதை ஒட்டி ஆங்கில எல் எழுத்து இருக்கிறதா பாருங்கள். அதற்கடுத்து வரும் 12800 என்ற எண் வேகத்தைக் குறிப்பது. கடையில் 1600 என்று சொல்வதும் அதையேதான். எல் வகை ரேம்களில் பெரும்பாலானவை 1.5 வோல்ட்டிலும் ஓடுவதால் பழைய லேப்டாப்புகளுக்கும் பொதுவாக ஒத்துப்போகும். சந்தேகமாக இருந்தால் எல் வகையையே கேளுங்கள்.

எவ்வளவு ஜி.பி. வரை போடலாம்?

பிராசஸர் எவ்வளவு ஏற்குமோ அவ்வளவுதான். ஆட்டம் என்450 உள்ள குட்டி நெட்புக்குகள் 2 ஜி.பி.யைத் தாண்டாது. செலரான் என்3060 என்றால் 8 ஜி.பி. விண்டோஸும் குறுக்கே நிற்கும். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜி.பி.க்கு மேல் பயன்படுத்தாது. 32 பிட் விண்டோஸில் 4 ஜி.பி. போட்டாலும் சுமார் 3 முதல் 3.5 ஜி.பி.தான் கைக்கு வரும். அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் கிங்ஸ்டன் இணையதளத்தில் கொடுத்தால் எந்த வகை, எவ்வளவு என்று காட்டும். படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் 8 ஜி.பி. தாராளம். பழைய லேப்டாப்பில் 16-க்குச் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எத்தனை ஸ்லாட் என்று திறக்காமல் பார்க்க முடியுமா?

விண்டோஸ் 10-ல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தேர்ந்தெடுத்தால் வேகமும் ஸ்லாட் கணக்கும் தெரியும். ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்த மெல்லிய மாடல்களில் இந்தக் கணக்கு சில சமயம் ஏமாற்றும். காசு கொடுக்கும் முன் திறந்து பார்ப்பதே நல்லது. வெவ்வேறு வேகமுள்ள இரண்டு ரேம்களைச் சேர்த்துப் போட்டால், பொதுவாக இரண்டுமே குறைந்த வேகத்தில் ஓடும்.

செகண்ட் ஹேண்ட் ரேம் வாங்கலாமா?

வாங்கலாம். ஏ.ஐ. தரவு மையங்களின் தேவையால் 2025 கடைசியில் மெமரி விலை உலகெங்கும் எகிறியது. புதியது மட்டும்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்தால் லேப்டாப்பின் மதிப்பைவிட ரேம் செலவு கூடிவிடலாம். ரேமில் தேய்கிற பாகம் எதுவும் இல்லை. வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நாமே மாற்றலாமா?

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்க இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு, ரேமை ஓரத்தில் பிடித்துச் சாய்வாகச் செருகி, கீழே அழுத்தினால் இரு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று மாட்டும். கடலோர உப்புக் காற்றும் எண்ணூர்ப் பக்கத்துத் தூசியும் படிகிற ஊர் திருவொற்றியூர். அதனால் செருகும் முன் ஸ்லாட்டைத் தூசி தட்டி, ரேமின் தங்க நிற முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். பீப் சத்தம் வந்தால் பயம் வேண்டாம், கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

ரேம் மட்டும் மாற்றினால் வேகம் வந்துவிடுமா?

உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் பாதிதான் வரும். 4 ஜி.பி. ஏற்கெனவே இருந்தால் முதலில் எஸ்.எஸ்.டி. மாற்றுவேன், ரேம் அப்புறம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ரேமைக் கூட்டியதால் மட்டும் விண்டோஸ் 11-க்குத் தகுதி வராது, டி.பி.எம். 2.0 வசதியும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பிராசஸரும் வேண்டும். அதற்கு முந்தையவற்றுக்கு லினக்ஸ் மின்ட் நல்ல வழி. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் ஒலியும் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு நிறுவலாம்.